ஜான் ஸ்னைடர் எந்த ஊர்க்காரர்?

கேள்வி: என் மகளைப் பென்சில்வேனியாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மருமகன் அமெரிக்கர், ஸ்னைடர் குடும்பம். அவர்களுடைய முன்னோர் ஜான் ஸ்னைடர் 1783-ல் அதே மாநிலத்தின் லெபனன் பக்கம் விவசாயியாக இருந்து இறந்தாராம். மூன்று சகோதரர்கள் ஒரே கப்பலில் ஜெர்மனியிலிருந்து வந்ததாக வீட்டில் சொல்கிறார்கள். இணையத்தில் பார்த்த ஒரு வம்சாவளியில் ‘பிறப்பு: ரோட்டர்டாம்’ என்று இருக்கிறது. கப்பல் பட்டியல்களில் யோஹான்னஸ் ஷ்னைடர் என்று பல பேர் வருகிறார்கள். பேரனுக்காகச் சரியாக எழுதிவைக்க ஆசை. எவர் நம்மவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெர்மனியில் ஆள் வைத்துத் தேடலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரி,

ஜெர்மனிக்கு இப்போது பணம் அனுப்ப வேண்டாம். ஷ்னைடர் என்பது ஜெர்மன் பேசும் பகுதிகளில் ஊருக்கு ஊர் இருக்கும் குடும்பப் பெயர். ஊர் தெரியாமல் தேடினால் யாரோ ஒரு ஷ்னைடர் கிடைப்பார். அவரை உங்கள் மருமகன் வீட்டு மூதாதை என்று எழுதிவிடுவீர்கள். ஊருக்கான தடயம் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதங்களில்தான் கிடைக்கும். அதுவும் பல சமயம் அவருடைய காகிதத்தில் இருக்காது, அக்கம்பக்கத்தாருடையதில் இருக்கும்.

ரோட்டர்டாமை உடனே அடித்துவிடுங்கள். அந்தக் காலத்தில் ரைன் நதி வழியாகப் படகில் ரோட்டர்டாம் வந்து, அங்கே கப்பலேறி, இங்கிலாந்தில் கவ்ஸ் போன்ற துறைமுகத்தில் நின்று, பிறகுதான் பிலடெல்பியா போனார்கள். பட்டியலின் தலைப்பில் இருக்கும் ‘ரோட்டர்டாமிலிருந்து’ கப்பலைப் பற்றியது. அதே பட்டியல்களில் வரும் ‘பாலட்டைன்’ (ரைன் கரையிலுள்ள ஒரு ஜெர்மன் பகுதிக்காரர்) என்ற சொல்லையும் அப்படியே நம்ப முடியாது. வூர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன், சுவிட்சர்லாந்து என எங்கிருந்து வந்தவரையும் ஆங்கில அதிகாரிகள் பாலட்டைன் என்றே எழுதினார்கள்.

இனி, காகிதம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். லெபனன் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) உருவானதே 1813-ல்தான். அதற்கு முன் அந்த நிலத்தில் பெரும்பகுதி டாஃபின் கவுன்ட்டி. டாஃபின் 1785-ல் லான்காஸ்டரிலிருந்து பிரிந்தது. 1783-ல் இறந்தவரின் உயில், சொத்துக் கணக்கு, வரிப் பட்டியல் எல்லாம் லான்காஸ்டர் பெயரில்தான் இருக்கும். லெபனனில் விசாரித்து, ‘ஒன்றும் இல்லை’ என்ற பதிலோடு தேடலை நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர். நில ஆவணங்கள் மட்டும் மாநில ஆவணக் காப்பகத்தில், ஹாரிஸ்பர்கில் உள்ளன: நிலம் கேட்டு வாங்கிய ‘வாரன்ட்’, அளந்த ‘சர்வே’, உரிமை தந்த ‘பேட்டன்ட்’ என்று மூன்று படி. சர்வே வரைபடத்தில் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களின் பெயரும் எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

உயில் கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது உயில் புத்தகத்தில் குமாஸ்தா எடுத்த நகல். அதன் அடியில் இருக்கும் பெயரும் குமாஸ்தாவின் எழுத்துதான். ஜெர்மன் மொழியில் எழுதிய உயில் என்றால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பதிந்திருப்பார்கள். உங்களுக்குத் தேவை ஜான் ஸ்னைடர் தன் கையால் ஒப்பமிட்ட மூல உயில். அது இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

காரணம் இதுதான். 1727 செப்டம்பரிலிருந்து, பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை உண்டு. முதலாவது கப்பல் தலைவர் தந்தது. காதில் விழுந்தபடி ஆங்கில உச்சரிப்பில் எழுதியது, பல கப்பல்களுக்கு இன்று கிடைப்பதில்லை. மற்ற இரண்டும் பயணிகளே கையெழுத்திட்டவை. எழுதத் தெரியாதவர் ஒரு குறி போட, பக்கத்தில் குமாஸ்தா பெயர் எழுதினார். 1934-ல் ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் இவற்றை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார்கள். இரண்டாம் தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் அசல் வடிவம். சில மறுபதிப்புகளில் அந்தத் தொகுதியையே விட்டுவிட்டார்கள் என்பதால், நூலகத்தில் ‘இரண்டாம் தொகுதி’ என்று சொல்லியே கேளுங்கள்.

அந்தக் கையெழுத்தை உயிலின் கையெழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் முப்பது நாற்பது வருடம் போயிருக்கும். கை நடுங்கியிருக்கும், கோடு தடித்திருக்கும். ஆனால் பெரிய எழுத்தைத் தொடங்கும் விதமும், ‘ஷ்’ ஒலிக்கான மூன்று எழுத்துகளைச் சேர்த்து இழுக்கும் விதமும் அவ்வளவு எளிதில் மாறாது. பட்டியலில் குறி போட்டவர், உயிலில் சரளமாக ஜெர்மன் எழுத்தில் ஒப்பமிட்டிருந்தால், அவர் வேறு ஆள் என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

கையெழுத்துக்கு முன்பே பெயரை வைத்தும் கொஞ்சம் வடிகட்டலாம். ஜெர்மானியக் குழந்தைகளுக்கு ‘யோஹான்’ என்று முன்னால் சேர்த்து இரண்டு பெயர் வைப்பார்கள். கூப்பிடுவது இரண்டாவது பெயரை. யோஹான் கேயார்க் அமெரிக்காவில் ஜார்ஜ் ஆவார், யோஹான் பேட்டர் பீட்டர் ஆவார். ஆங்கிலக் காகிதத்தில் ‘ஜான்’ ஆகிறவர் பெரும்பாலும் யோஹான்னஸ் அல்லது ஹான்ஸ். விதிவிலக்கு உண்டு என்றாலும் இது பாதிக் கூட்டத்தைக் கழித்துவிடும். ஸ்னைடர் என்று மட்டும் தேடாமல் ஷ்னைடர், ஸ்னிடர், டெய்லர் என்றும் தேடுங்கள். ஷ்னைடர் என்றால் தையல்காரர்; பெயரையே மொழிபெயர்த்துக்கொண்டவர்களும் உண்டு.

பட்டியலில் அவர் இல்லாமலும் இருக்கலாம். பதினாறு வயதுக்குக் குறைந்த பையன்களிடம் பிரமாணம் வாங்கவில்லை. பத்து வயதில் அப்பாவோடு வந்திருந்தால் நீங்கள் தேட வேண்டியது அப்பாவின் பெயரை. நோயில் படுத்திருந்தவர்களும் விடுபட்டார்கள். தவிர, 1710-ல் நியூயார்க் வந்து ஸ்கோஹாரியில் குடியேறிய சில குடும்பங்கள் 1723 முதல் லெபனனுக்கு அருகிலுள்ள டல்பஹாக்கனுக்கு இடம்பெயர்ந்தன. அவர்கள் பிலடெல்பியாவில் இறங்கவே இல்லை.

ஊரைக் காட்டக்கூடிய இடம் சர்ச் பதிவேடு. லெபனன் பகுதியில் லுத்தரன் போதகர் யோஹான் காஸ்பர் ஸ்டோவர் 1730 முதல் 1779 வரை ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் தன் சொந்த ஏட்டில் குறித்துவைத்தார், ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. லுத்தரன் சபையும் இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவான ரிஃபார்ம்டு சபையும் பல ஊர்களில் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டாலும் பதிவேடு தனித்தனி, ஆகவே இரண்டையும் பாருங்கள். ஜானின் பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று) நின்றவர்கள் யார் என்று எழுதுங்கள். உறவினரையும் சொந்த ஊர்க்காரரையும்தான் அதற்குக் கூப்பிட்டார்கள். இந்தப் பெயர்களை சர்வேயில் குறித்த பக்கத்து நிலத்தாரோடும், அதே கப்பலில் வந்தவர்களோடும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் வருகிற அபூர்வமான குடும்பப் பெயர் ஒன்று அகப்பட்டால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷ்னைடரைத் தேடி ஊர் கிடைக்காது; அந்த அபூர்வப் பெயரைத் தேடினால் கிடைக்கும். மூன்று சகோதரர் கதையும் இங்கேதான் தெரியும். ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானப்பெற்றோராக நிற்கவே இல்லையென்றால் அந்தக் கதையை எழுதிவைக்காதீர்கள்.

லுத்தரன் குடும்பம் என்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. 1742-ல் பென்சில்வேனியா வந்த போதகர் மூலன்பெர்க் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு விரிவான அறிக்கைகள் அனுப்பினார். நம் தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கின் மிஷன் கடிதங்களும் அதே ஹாலே காப்பகத்தில்தான் இருக்கின்றன.

தேதிகளில் ஒரு சிக்கல் வரும். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14. ஜெர்மன் புராட்டஸ்டன்ட் நாடுகள் 1700-லேயே நாள்காட்டியை மாற்றிவிட்டன. கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் பதினொரு நாள் வித்தியாசம் வந்தால் அது வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஊர் கிடைத்த பிறகு, அது எந்த சர்ச்சின் கீழ் வருகிறது என்பதை மேயர்ஸ் ஊர்ப்பெயர் அகராதியில் பாருங்கள். சிற்றூர்களுக்குப் பெரும்பாலும் சொந்தப் பதிவேடு கிடையாது. பதிவேட்டை முதலில் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். இல்லாவிட்டால் புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கான ஆர்க்கியோன் தளத்தில் ஒரு மாதச் சந்தா போதும். யோஹான்னஸின் ஞானஸ்நானம் கண்ணில் பட்டதும் நிறுத்திவிடாமல், அதே சர்ச்சின் இறப்பு, திருமணப் பதிவுகளையும் புரட்டுங்கள். அந்தப் பையன் நான்கு வயதில் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கலாம். அல்லது அமெரிக்காவில் நம்மவர் உழுதுகொண்டிருந்த வருடத்தில் அங்கே கல்யாணம் செய்திருக்கலாம். சில போதகர்கள் ஓரத்தில் ‘பென்சில்வேனியா’ என்று குறித்திருப்பார்கள். அது கிடைத்தால் வேலை முடிந்த மாதிரி.

பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்றால் அப்போது ஆள் வையுங்கள். ஊர், சபை, தேட வேண்டிய வருடங்கள், மனைவியின் பெயர் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். சுருக்கம் மட்டும் வாங்காமல், ஒவ்வொரு பதிவுக்கும் பக்க எண்ணோடு படமும் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.