பாஸ்கா இரவில் செங்கடல் வாசகம்: எப்படித் தயாராவது?

கேள்வி: இந்த ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில்) விடுதலைப் பயண நூல் வாசகத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் வாசித்த பழக்கம் உண்டு. ஆனால் இது நீளம். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோவிலும் அரை இருட்டாக இருக்கும். என்ன செய்யலாம்?

பதில்: அந்த இரவுக்கு ஒன்பது வாசகங்கள்: பழைய ஏற்பாட்டிலிருந்து 7, புதிய ஏற்பாட்டிலிருந்து 2. நேரம் கருதிப் பழைய ஏற்பாட்டு வாசகங்களை மூன்றாகக் குறைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எவ்வளவு குறைத்தாலும் உங்களுடையதை மட்டும் விடக்கூடாது என்பது திருவழிபாட்டு விதி. எகிப்து அரசன் பார்வோனின் படை துரத்தி வர, மோசேயும் இஸ்ரயேல் மக்களும் செங்கடலைக் கடக்கும் பகுதி அது: 14ஆம் அதிகாரம் 15ஆம் வசனம் முதல் 15:1 வரை, 18 வசனங்கள். சற்று நேரத்தில் குருவானவர் தண்ணீரை மந்திரிக்கும் செபத்தில் இதே செங்கடல் திரும்பவும் வரும். நீங்கள் வாசிப்பது காதில் விழாதவர்களுக்கு அந்தச் செபம் பாதிதான் புரியும்.

தமிழில் வாசிப்பவர்களிடம் அதிகம் காணும் குறை, வாக்கியம் முடியுமுன்பே குரல் இறங்கிவிடுவது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் நிற்கிறது. எதிர்மறையும் அதன் வாலில்தான் ஒட்டியிருக்கிறது. துரத்தி வந்த படையில் ஒருவன்கூடத் தப்பவில்லை என்று 28ஆம் வசனம் சொல்கிறது. ‘தப்ப’ வரை கேட்டு, ‘வில்லை’ தொண்டைக்குள் போய்விட்டால் கதையே தலைகீழ். எனவே மூச்சைக் கடைசிச் சொல்லுக்கு மிச்சம் வையுங்கள். வாசகத்தைப் பெரிய எழுத்தில் நகலெடுத்து, மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, முற்றுப்புள்ளியில் இரண்டு கோடு போடுங்கள். ‘நீட்டி’, ‘பிளந்து’ போன்ற எச்சங்களுக்குப் பின் மூச்சு வாங்கலாம். பெயரையும் அதன் அடைமொழியையும் பிரித்துவிடக் கூடாது. இந்தத் தாள் பயிற்சிக்கு மட்டும். அன்று இரவு வாசக நூலிலிருந்தே வாசியுங்கள். கைப்பேசி வேண்டவே வேண்டாம். அதன் வெளிச்சம் முகத்தில் அடிப்பது கடைசி இருக்கை வரை தெரியும்.

திரும்ப வரும் சொற்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். தேர்கள், குதிரைவீரர்கள் என்ற அடுக்கு 17, 18, 23, 26, 28 ஆகிய வசனங்களில் வருகிறது. சலித்துப்போய் அதை வேகமாகத் தள்ளிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அந்த அடுக்கு படையின் அணிவகுப்பு. ஒவ்வொரு முறையும் அதே நிதானத்தில் வரட்டும். 22இல் வலமும் இடமும் சுவர்போல் நின்ற தண்ணீர் 29இலும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு படையே மூழ்கிவிட்டது. ஆகவே 28 முடிந்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு 29ஐத் தொடங்குங்கள்.

குரல்கள் மூன்று: கதை சொல்பவர், ஆண்டவர் (15-18, 26), ஓடிப்போவோம் என்று அலறும் எகிப்தியர் (25). நாடகம் போல் குரலை மாற்ற வேண்டாம். பேச்சு தொடங்குமுன் சிறு இடைவெளி விட்டால் போதும். 30ஆம் வசனத்தில் எகிப்தியரின் சடலங்கள் கரையில் கிடக்கின்றன. அங்கே சிலர் வெற்றி முழக்கம் போல் குரலை உயர்த்துவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. யூதர்களின் தல்மூத் நூலே, அந்த இரவில் பாட முனைந்த வானதூதர்களைக் கடவுள் தடுத்ததாகச் சொல்கிறது: என் கைவேலைகள் கடலில் மூழ்கும்போது நீங்கள் பாடுவதா என்று. தாழ்ந்த, தெளிவான குரலே இங்கே பொருந்தும்.

தொடக்கத்தில் ‘மூன்றாம் வாசகம்’ என்றோ, அதிகார எண்ணையோ, மேலே அச்சிட்டிருக்கும் சுருக்க வரியையோ வாசிக்கக் கூடாது. ‘விடுதலைப் பயண நூலிலிருந்து வாசகம்’ என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, நேராக வாசகத்துக்குப் போங்கள்.

ஒத்திகையைப் பகலில் வைக்காதீர்கள். முந்தைய நாட்களில் ஏதாவதொரு மாலை, இருட்டிய பிறகு, விளக்குகளை அணைத்துவிட்டு வாசக மேடையில் நின்று பாருங்கள். மேடை விளக்கின் நிழல் பக்கத்தில் விழுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘பார்வோன்’ வரும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ‘டப்’ என்று வெடிக்கும். உயரமான பழைய கோவில் என்றால் எதிரொலி அடங்கிய பிறகே அடுத்த வாக்கியம்.

முடிவில்தான் பெரும்பாலும் குழப்பம் வரும். 15:1, மோசேயும் மக்களும் பாடினார்கள் என்று சொல்லி, பாட்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது; பதிலுரைப் பாடலாகப் பாடப்படுவதும் அதே 15ஆம் அதிகாரத்துப் பாட்டுதான். இடையில் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ சொல்வதா, நேராகப் பாட்டுக்குப் போவதா என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். பங்குத்தந்தையிடம் முன்பே கேட்டு, பாடகர் குழுவுக்கும் சொல்லிவிடுங்கள். உங்கள் கடைசி வரி எது என்று கீபோர்டு வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் பக்கம் புரட்டும் சத்தம்தான் கேட்கும். முதல் சுரம் எழும்வரை மேடையை விட்டு அசையாதீர்கள்.