வெள்ளை மார்பிளா, கறுப்பு கிரானைட்டா?

கேள்வி: திண்டுக்கல்லில் வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிறோம். சமையல் மேடைக்கு வெள்ளை மார்பிள் போட எனக்கு ஆசை. சீலர் அடித்துவிட்டால் கறையே பிடிக்காது என்கிறார் கடைக்காரர். மேஸ்திரியோ கறுப்பு கிரானைட்டைத் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார். மாமியார் வீட்டில் கறுப்புக் கடப்பா மேடை திட்டுத் திட்டாக வெளிறிக் கிடக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கறுப்பு என்றாலே பயம். எதைப் போடலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாமியார் வீட்டு மேடை வெளிறியதற்குக் காரணம் அதன் நிறம் இல்லை. கடப்பா சுண்ணாம்புக்கல். மார்பிளும் அதற்குச் சொந்தம்தான். சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறி உருவானதுதான் மார்பிள். இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தக்காளி, வினிகர் என்று எந்தப் புளிப்பு பட்டாலும் மேற்பரப்பு கொஞ்சம் கரைந்து, பாலிஷ் போய் மங்கிவிடும். ஆகவே அந்த மேடையைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியது மார்பிளுக்குத்தான்.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி, எண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் ஊறாமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். புளிப்பு மேற்பரப்பை அரிப்பதை அது தடுக்காது. ஊறிய கறையைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். அரித்த இடத்துக்குப் பாலிஷ் போடும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். தினமும் ரசமும் புளிக்குழம்பும் கொதிக்கிற வீட்டில் எத்தனை தடவை கூப்பிடுவீர்கள்? மார்பிள் ஆசையைப் பூஜை அறையில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கிரானைட்டில் பெரும்பகுதி குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. மார்பிள் வெறும் 3. சமையலறைப் புளிப்பு கிரானைட்டை ஒன்றும் செய்யாது. பாட்டி காலத்து அம்மியை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு புளி அரைத்திருப்பார்கள்!

மேஸ்திரி சொல்வதற்காகக் கறுப்பே போட வேண்டும் என்றில்லை. பளபளக்கும் கறுப்பில் மாவு சிந்தினாலும் தெரியும், உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் வெள்ளைத் தடம் தெரியும். வெள்ளைதான் வேண்டுமென்றால் காஷ்மீர் ஒயிட் இருக்கிறது. காஷ்மீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நம் மதுரைப் பக்கத்துக் கல். அழகுதான், ஆனால் தண்ணீரையும் எண்ணெயையும் நன்றாக உறிஞ்சும். அதற்குச் சீலர் கட்டாயம் வேண்டும். நாளாவட்டத்தில் மறுபடியும் அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், பழுப்பும் சாம்பலும் கலந்து அலையோடும் கல்லாகப் பாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ ஒரு உதாரணம். அதில் எந்தத் தடமும் சட்டென்று கண்ணில் படாது.

எதை எடுத்தாலும் அந்த ஸ்லாபிலிருந்தே உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள். அதில் எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய், மஞ்சள் கரைத்த தண்ணீர் மூன்றையும் தனித்தனியாகச் சொட்டிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். எலுமிச்சை பட்ட இடம் மங்கினால் அது கிரானைட்டே இல்லை. எண்ணெய் இறங்கிக் கருத்தால் சீலர் தேவைப்படும் கல். கறுப்புக் கல்லானால், நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து துடைத்து, ஈரம் போக உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். எண்ணெய்க் கறை ஊறிவிட்டால், சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, மறுநாள் எடுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடியும் செய்யுங்கள். மஞ்சள் கறை வெயில் படும் இடமானால் தானாகவே வெளுக்கும்.

சிங்குக்கும் ஹாப் அடுப்புக்கும் வெட்டிய இடத்தில் முன்னாலும் பின்னாலும் குறுகலான பட்டைதான் மிஞ்சும். கல் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். அந்த இடத்தில் தேங்காய் உடைப்பது, இஞ்சி தட்டுவது எல்லாம் வேண்டாம். அடியில் முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வேலை முடிந்ததும் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். கல்லில் இரும்புச் சத்து இருந்தால் அதனால் மஞ்சள் பூக்கும், வெள்ளைக் கல்லில் பளிச்சென்று தெரியும். மேடைக்கு ஆசிட் கூடாது என்று மேஸ்திரியிடம் கல்லை இறக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.