கடலில் பிடிபட்டவர் வீட்டில் செபம் சொல்வதால் என்ன பயன்?

இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவர் வீட்டில் செபமாலை சொல்கிறார்களே, அதனால் என்ன ஆகும் என்பது கேள்வி.

படகு வரும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். ஆனால் செபமாலையில் வரும் 53 ‘அருள் நிறைந்த மரியே’ செபங்களைச் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும். சொந்த வார்த்தை அடைத்துப்போனவருக்கும் பழகிய வார்த்தை வாயில் வரும், பக்கத்தில் ஆள் இருக்கும். விவிலியத்தில் திருப்பாடல் 107-இல் 23 முதல் 30 வரை வாசியுங்கள்: கடலோடிகள், புயல், தள்ளாட்டம், கரை. அழுது முறையிடுவதும் செபம்தான்.

அடுத்த வேலை அன்பியத்துக்கு, அதாவது பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவுக்கு. ஒருவர் படகுப் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, ஆதார் நகல்களோடு மீன்வளத் துறைக்கு மனு கொண்டுபோக வேண்டும். இன்னொருவர் அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் பொறுப்பு. படகில் போனவர் இந்துவோ முஸ்லிமோ ஆனாலும் அதே உதவிதான்.

சறுக்குவது இரண்டு இடத்தில். முதல் வாரம் கூட்டம், இரண்டாம் மாதம் யாருமில்லை. அதனால் முறைவைத்துப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கொடுப்பவர் கையும் காலி, உதவி நிதியை அதற்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

இதைவிட மோசம், “விசுவாசம் போதவில்லை” என்று சொல்வது. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.