அரசுத் தரப்புச் சாட்சி 1

அன்புள்ள ஐயா,

சிறைகளின் நிலை பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். கைதிகளுக்காக இவ்வளவு எழுதும் நீங்கள், அடிபட்டவர்களுக்காக ஒரு வரி எழுதியதுண்டா? கோபத்தில்தான் கேட்கிறேன், மன்னிக்கவும்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் இரவு என் அக்கா வீட்டுப் பூட்டை உடைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே நுழைந்தான். சத்தம் கேட்டு எழுந்த அக்காவை இரும்புக் கம்பியால் அடித்தான். தலையில் பதினான்கு தையல். இடது காது இன்னமும் சரியாகக் கேட்பதில்லை. ஒரே வாரத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். அதோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தோம்.

அவன் ஜாமீனில் வெளியே வந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவனை நேருக்கு நேர் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டே அக்கா வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. ஏழு முறை கோர்ட்டுக்குப் போனாள். ஐந்து முறை வாய்தா. அன்றிரவு அவள் ஃபோனில் ஏதோ பதிவாகியிருந்தது என்று அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு போனவர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. இறந்துபோன எங்கள் அம்மாவின் குரல் அதில்தான் இருக்கிறது. அவனுக்கு அரசு செலவில் வக்கீல். வாயைத் திறக்காமல் இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டாம். என் அக்காவுக்கு என்ன உரிமை? சட்டமே குற்றவாளிக்காகத்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் கேட்டதில் தவறில்லை.

கடிதத்தைப் படித்ததிலிருந்து கம்பியைவிட அந்த ஃபோன்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. கம்பியால் அடித்தவன் திருட வந்தவன், அவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஃபோனை வைத்துக்கொண்டிருப்பது, உங்கள் அக்காவுக்காகத்தான் வழக்கு நடத்துகிறோம் என்று சொல்லும் தரப்பு. ஜாமீன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டதும் அதே தரப்புதான். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் அவன் செய்ததே இல்லை, கவனித்தீர்களா?

பல வருடங்களுக்கு முன் ஒரு தோழிக்குத் துணையாக நீதிமன்றம் போயிருந்தேன். அவரைத் தெருவில் வைத்துக் கத்தியால் குத்திய வழக்கு. வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்ச். ஒரு முனையில் நாங்கள். மறுமுனையில் ஒரு வயதான அம்மா. வெயில் ஏற ஏற அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டார். தோழி பாட்டிலை நீட்டினார். அந்த அம்மா பாதி குடித்திருப்பார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து வழக்கு எண்ணைச் சொல்லி, "அரசுத் தரப்புச் சாட்சி ஒண்ணு!" என்று கூப்பிட்டார். தோழி எழுந்தார். அப்போதுதான் அந்த அம்மாவுக்கு இவர் யாரென்று புரிந்தது, எங்களுக்கும் அவர் யாருடைய தாய் என்று புரிந்தது. பாட்டிலை மூடிக்கூட வைக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோழி கூண்டில் ஏறும்போது கை நடுங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் இன்னும் வாயே திறக்கவில்லை.

அந்த வராந்தாவில் இன்னொரு அறை இருந்திருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் கொண்டுவந்த பாதிக்கப்பட்டோர் உரிமை விதிகளில், புதிதாகக் கட்டும் நீதிமன்றங்களில் பாதிக்கப்பட்டவர்கள் காத்திருக்கத் தனி இடம் இருக்கவேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள். படிக்க அற்பமாக இருக்கும். அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அற்பமில்லை.

"சாட்சி ஒண்ணு" என்றார்கள் இல்லையா, விஷயம் அங்கேதான் இருக்கிறது. குத்துப்பட்டது என் தோழி. ஆனால் வழக்கின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். நார்வேயின் குற்றவியல் அறிஞர் நீல்ஸ் கிறிஸ்டி 1977-லேயே இதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னார்: தகராறு என்பது அதில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்து, அதை அரசும் வக்கீல்களும் அவர்களிடமிருந்து திருடிக்கொண்டார்கள் என்று. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அரசு வழக்கைத் தன் கையில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பெரும்பாலான குற்ற வழக்குகளைப் பாதிக்கப்பட்டவரேதான் சொந்தச் செலவில் நடத்தினார். காசில்லாதவர் அடியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கவேண்டியதுதான். அந்த நிலை திரும்பவேண்டும் என்று உங்கள் அக்காகூடச் சொல்லமாட்டார். ஆனால் வழக்கை வாங்கிக்கொண்ட அரசு, அது என்ன ஆயிற்று என்று உரியவரிடம் சொல்லும் கடமையை மட்டும் மறந்துவிட்டது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவனுக்கு இவ்வளவு இருக்கிறது, எங்களுக்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டு ஏறும் தராசு ஒன்று உங்கள் மனதில் இருக்கிறது. பலர் மனதில் இருக்கிறது. தேர்தல் மேடைகளில் அது நன்றாகவே விலைபோகும். அவனிடமிருந்து வக்கீலைப் பிடுங்கிவிட்டால் உங்கள் அக்காவின் ஃபோன் திரும்பி வருமா? அவனை வாயைத் திறக்க வைத்தால் வாய்தா குறையுமா?

ஜாமீனையே எடுத்துக்கொள்வோம். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை வழக்கு முடியும்வரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது என்பது ஒரு விஷயம். அவர் வெளியே வருவதை அடிபட்டவருக்குச் சொல்வது முற்றிலும் வேறு விஷயம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரைச் சேர்ந்த மேரி பைரன் என்ற பெண், 1993 டிசம்பரில் தன் 21-வது பிறந்தநாளன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது அவருடைய முன்னாள் காதலன். அவரைத் தாக்கியதற்காகச் சிறையில் இருந்தவன். யாரோ ஜாமீன் பணம் கட்டி வெளியே எடுத்திருந்தார்கள். மேரிக்குத் தெரியாது. மறுவருடமே அங்கே ஓர் ஏற்பாடு வந்தது: கைதி வெளியே போகும்போது, பதிவு செய்துகொண்டவரின் தொலைபேசி தானாகவே அடிக்கும். அவர் எடுத்துத் தன் ரகசிய எண்ணை அழுத்தும்வரை விடாமல் திரும்பத் திரும்ப அடிக்கும். இப்போது அந்த நாட்டின் பல மாநிலங்களில் இது நடைமுறையில் இருக்கிறது. இதனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன நஷ்டம்? அவருடைய ஜாமீன் அவரிடமே இருக்கிறது. ஒரு ஃபோன் மணி, அவ்வளவுதான். உங்கள் அக்காவுக்கு அந்த மணி அடித்திருந்தால் பஸ் நிறுத்தத்தில் அப்படி உறைந்து நின்றிருக்கமாட்டார்.

கைதிகளுக்காக எழுதுகிறவன் அடிபட்டவர்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்ற குத்தலுக்கும் பதில் சொல்லவேண்டும். மார்ஜரி ஃப்ரை என்று ஒரு பிரிட்டிஷ் பெண்மணி. சிறைச் சீர்திருத்தத்துக்காகவும் மரண தண்டனையை ஒழிக்கவும் ஆயுள் முழுக்க வேலை செய்தவர். உங்களுக்கு அவரைப் பிடித்திருக்காது. எண்பது வயதை ஒட்டி அவர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். 1951-ல் இரண்டு பேர் தாக்கியதில் ஒருவருக்குக் கண்பார்வை போனது. நீதிமன்றம் 11,500 பவுண்டு இழப்பீடு தரச் சொன்னது. தாக்கியவர்களிடம் பணமில்லை, ஆகவே ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங், அதாவது கால் பவுண்டு. முழுத் தொகையும் கைக்கு வர அந்தப் பார்வையற்றவர் இன்னும் 442 வருடம் உயிரோடு இருக்கவேண்டும்! அதனால் அடித்தவன் தரமுடியாததை அரசு தரவேண்டும் என்றார் ஃப்ரை. 1958-ல் இறந்துவிட்டார். 1963-ல் நியூஸிலாந்து உலகிலேயே முதல்முறையாக அதைச் சட்டமாக்கியது, அடுத்த வருடம் பிரிட்டனிலும் திட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்று போராடியது கைதிகளின் தோழி. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அடைபட்டவனின் கஷ்டம் கண்ணில் படுகிறவருக்கு அடிபட்டவரின் கஷ்டமும் படும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. தராசு உண்மையிலேயே ஆடும் இடம் ஒன்று உண்டு: குறுக்கு விசாரணை. உங்கள் அக்காவிடம், "இருட்டில் எப்படி முகத்தைப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். அது அவருக்கு அவமானமாக இருக்கும். அவருடைய நடத்தையைப் பற்றியோ சம்பந்தமில்லாத பழைய கதைகளைப் பற்றியோ கேட்டால் நீதிபதி தடுக்கவேண்டும். ஆனால் இருட்டைப் பற்றிய கேள்வி கேட்கப்பட்டே ஆகவேண்டும். 1984-ல் வட கரோலினாவில் ஜெனிஃபர் தாம்சன் என்ற மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். ரொனால்ட் காட்டன் என்பவரை, இவர்தான் என்று உறுதியாக அடையாளம் காட்டினார். பொய் சொல்லவில்லை, மனதார நம்பினார். பத்து வருடங்களுக்கு மேல் காட்டன் சிறையில் இருந்தார். 1995-ல் மரபணுச் சோதனை வந்தபோது குற்றவாளி வேறொருவன் என்று தெரிந்தது. பின்னாளில் தாம்சனும் காட்டனும் சேர்ந்தே, அடையாள அணிவகுப்பு முறைகளைத் திருத்தவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்கள். தவறான ஆள் உள்ளே போன அந்தப் பத்து வருடத்தில் ஏமாற்றப்பட்டவர்களில் தாம்சனும் ஒருவர்.

தண்டனைக்கு முன் பாதிக்கப்பட்டவர் தன் இழப்பை நீதிமன்றத்தில் சொல்லும் முறையைப் பற்றி எனக்கு முழு உற்சாகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றமே மரண தண்டனை வழக்குகளில் 1987-ல் அதைத் தடுத்தது, 1991-ல் அனுமதித்தது. பேசுவது மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் நன்றாகப் பேசத் தெரிந்த மகன் இருக்கும் தகப்பனின் உயிருக்கு ஒரு தண்டனை, நாதியில்லாதவரின் உயிருக்கு வேறு தண்டனை என்று ஆகிவிடக் கூடாது.

எனக்குப் பிடித்தது வேறொரு வழி. ஜெர்மனியில் கடுமையான குற்றங்களில் பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பமோ அரசுத் தரப்பின் பக்கத்தில் ஒரு தரப்பாகவே சேர்ந்துகொள்ளலாம். தங்கள் வக்கீல் மூலம் வழக்கின் கோப்புகளைப் பார்க்கலாம், சாட்சிகளிடம் கேள்வி கேட்கலாம், இந்த ஆதாரத்தையும் எடுங்கள் என்று மனு போடலாம். பூ வியாபாரி என்வர் ஷிம்ஷெக் 2000 செப்டம்பரில் நியூரம்பெர்க்கில் சுடப்பட்டார். அதன்பின் அதே நகரிலும் வேறு நகரங்களிலுமாக எட்டு கொலைகள், எல்லாம் புலம்பெயர்ந்த குடும்பத்து ஆண்கள். கடைசியாக ஒரு பெண் காவலர். போலீஸ் பல வருடம் சந்தேகப்பட்டது யாரை? குடும்பங்களை. கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று ஷிம்ஷெக்கின் மனைவியிடம் பொய் சொல்லி விசாரித்தார்கள். செய்தது நவநாஜிக் கும்பல் என்று 2011-ல்தான் வெளியே வந்தது. தந்தை இறந்தபோது செமியா ஷிம்ஷெக்குக்கு 14 வயது. 2012-ல் பெர்லினில் நடந்த அஞ்சலியில் அவர் சொன்னார்: பதினொரு வருடம் எங்களால் உறுத்தலில்லாமல் பாதிக்கப்பட்டவர்களாக இருக்கக்கூட முடியவில்லை.

இந்த வரியை நான் மறக்கவில்லை. பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றி 1985 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனத்தில் ஒரு விதி இருக்கிறது: குற்றவாளி பிடிபட்டாலும் இல்லாவிட்டாலும், தண்டிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும் ஒருவரைப் பாதிக்கப்பட்டவராகக் கருதலாம். செமியாவின் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போனது அதுதான். அதே பிரகடனம், பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று சொல்லும் இடத்திலேயே, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதகம் இல்லாமல் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

அந்தக் கொலைகளுக்காக மியூனிக்கில் 2013 மே மாதம் தொடங்கி 438 நாட்கள் விசாரணை நடந்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் தரப்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் வக்கீல்கள் விடாமல் கேட்டார்கள்: இந்தக் கும்பலுக்கு வேறு யார் உதவினார்கள்? உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர்களுக்கு எவ்வளவு தெரியும்? ஏன் என் அப்பா? 2018 ஜூலையில் முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. அந்தக் கேள்விகள் பலவற்றுக்கு விடை கிடைக்கவில்லை, குடும்பங்கள் கசப்போடுதான் வெளியே வந்தன. ஆனாலும் அந்தக் கேள்விகள் பதிவேட்டில் இருக்கின்றன. சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு என்று கூப்பிட்டு அனுப்பியிருந்தால் அவையும் இருந்திருக்காது.

இந்தியாவிலும் 2009 டிசம்பர் 31 முதல், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். போலீஸின் புலனாய்வுக் கட்டத்திலிருந்தே அவருக்குப் பங்கு உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. காகிதத்தில் குறைவில்லை. எங்கும் பிரச்சினை ஒன்றுதான்: யாரும் கேட்காவிட்டால் யாரும் தருவதில்லை.

ஆகவே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டதற்கெல்லாம் "பார்க்கலாம்" என்பதுதான் பதிலாக வரும். அடுத்த விசாரணைத் தேதி, ஜாமீன் நிபந்தனைகள், அவன் அக்காவின் பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனை உண்டா, இல்லையென்றால் கேட்டு வாங்கமுடியுமா, இழப்பீட்டுக்கு மனு போட்டாயிற்றா? இதையெல்லாம் அரசு வழக்கறிஞருக்கு ஒரே கடிதமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இலவசச் சட்ட உதவி குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். பல இடங்களில் பாதிக்கப்பட்டவரும் கேட்கலாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்த ஃபோனுக்குத் தனியாக ஒரு மனு போடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பொருளைத் திருப்பித் தாருங்கள், அது முடியாதென்றால் அம்மாவின் குரல் இருக்கும் பதிவுகளின் நகலையாவது தாருங்கள் என்று நீதிபதியிடமே கேளுங்கள். காரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். கிடைத்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.