ஏது எங்கே தளர்கிறது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிய நீரேற்று மோட்டார் பொருத்திய பின் பொது மின்கட்டணம் உயர்ந்துவிட்டது. மோட்டார்தான் காரணம் என்று சங்கக் கூட்டத்தில் ஐந்தாறு காரணங்களை அடுக்கியும் ஒருவரும் ஏற்கவில்லை. வாதத்தை வலுவாக முன்வைப்பது எப்படி?

பதில்: முதலில் காரணங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்று தளர்ந்திருந்தாலும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். மற்ற நான்கும் கேட்பாரற்றுப் போகும்.

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதை நுட்பமாக விளக்குகிறார். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை அதற்குத் திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அதோடு நில்லாமல், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இராது என்பதற்குப் புனலை, அதாவது நீரை, எதிர்மறைச் சான்றாகக் காட்டுகிறார். பெரும்பாலான வாதங்கள் சறுக்குவது இந்த எதிர்மறைச் சோதனையில்தான்.

‘மோட்டார் வந்த பிறகு கட்டணம் கூடியது’ என்ற உங்கள் ஏதுவையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் மாற்றாத குடியிருப்புகளிலும் அதே மாதங்களில் கட்டணம் கூடியிருந்தால், அந்த ஏது இரு பக்கமும் பொருந்தி எதையும் நிறுவாமல் நின்றுவிடும். இத்தகைய ஏதுப் போலியை, அதாவது காரணம்போல் தோன்றும் குறையுள்ள ஏதுவை, அநைகாந்திகம் என்பர். கோடை, மின்தூக்கி, கட்டண விகித மாற்றம் என எதிர்த்தரப்பு எதையும் சொல்லலாம்.

எனவே கணக்கிட்டுப் பேசுங்கள். 2 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 1.5 கிலோவாட், நாளொன்றுக்கு 4 மணி நேரம் ஓடினால் 6 யூனிட், 60 நாளில் 360 யூனிட். அதிலிருந்து பழைய மோட்டாரின் செலவைக் கழித்தால் கிடைப்பதே புதிய மோட்டாரால் கூடியது.

ஆனால் 4 மணி நேரம் என்பதை எதிரே அமர்ந்திருப்பவரும் ஒப்ப வேண்டும். ஒரு தரப்பு மட்டும் ஏற்கும் ஏதுவை அன்னியதராசித்தம் என்று அந்தக் காதை குறையாகவே எண்ணுகிறது. ஏது உண்மையாயிருந்தும் நம்பவைக்காமல் போவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. கூட்டத்திற்கு முன் ஒரு வாரம், உங்களை மறுத்தவர்களில் ஒருவரையே மோட்டார் ஓடும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

கட்டணச் சீட்டில் 900 யூனிட் கூடியிருக்க, மோட்டாரின் பங்கு 200 என்று வந்தால், உங்கள் பக்கத்தையே திருத்திவிடுங்கள்: ‘மோட்டார்தான் காரணம்’ என்பதற்குப் பதில் ‘உயர்வில் 200 யூனிட் மோட்டாருடையது’ என்று சொல்லலாம்.