வீட்டுக் குப்பை, வாளி உரம்: கடலூரிலிருந்து கேள்வி பதில்

கடலூர் கூத்தப்பாக்கத்தில் இருக்கிறேன். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு வேப்பமரமும் இரண்டு முருங்கையும் சாய்ந்தன. தெரு முழுக்க இலையும் கிளையும். அடுத்த வாரம் எல்லாரும் குவித்துக் கொளுத்தினார்கள். என் மாமியாருக்கு இளைப்பு உண்டு. அந்தப் புகையில் இரண்டு ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே கழித்தார். எங்கள் பங்குச் சருகை நான் கொளுத்தவில்லை, கொல்லையில் குழி வெட்டிப் போட்டேன். சித்திரையில் தோண்டினால் அடியில் கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மண் வாசனையோடு கிடந்தது. அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது. குப்பை, உரம், வீட்டுத் தண்ணீர், இந்த மூன்றைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம், மாடி வீடு: அக்கா, வாடகைக்கு இருக்கிறோம். ஒரு பிடி மண் கூட இல்லை. பால்கனியில் உரம் போட முடியுமா? வீட்டுக்காரர் நாற்றம் வந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

நாற்றம் வராது, நான் சொல்கிறபடி செய்தால். 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு வாங்குங்கள். பெயிண்டர்களிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளியில் சுற்றிலும் துளை, அடியில் ஐந்தாறு துளை. அடியில் ஒரு பழைய தட்டு வையுங்கள். முதலில் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க்கழிவு. அதன்மேல் அன்றைய காய்கறித் தோல், டீத்தூள், வாழைப்பழத் தோல். அதை மூடும்படி மறுபடி சருகு. ஒரு பங்கு பச்சைக்கு இரண்டு பங்கு காய்ந்தது. இந்தக் கணக்குத்தான் உயிர்நாடி. பச்சைக் கழிவில் தழைச்சத்தும் தண்ணீரும் அதிகம், சருகில் கரிச்சத்து அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு வேலை செய்யும். வெறும் பச்சையாகப் போட்டால் காற்றில்லாமல் அழுகும். நாற்றம் என்பது அதுதான்.

ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்துவிட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். கை நனைய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் சருகு போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர், ஒரு வாளி நிறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். நிறைந்ததை மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை ஆரம்பியுங்கள். முதல் வாளி இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும்.

சருகுக்கு எங்கே போவது என்று அடுத்து கேட்பீர்கள். காலையில் தெருக் கூட்டுகிறவரிடம் ஒரு சாக்கு கேளுங்கள். நீங்கள் வாங்கிக்கொண்டால் அந்தச் சாக்கு கொளுத்தப்படாமல் தப்பிக்கும்.

வண்டிப்பாளையம்: மேடம், வாளியில் வெள்ளையாகப் புழு நெளிகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கொட்டியிருக்க வேண்டாம். தட்டையாக, பழுப்பு வெள்ளையில், அரிசியைவிடப் பெரிதாக இருந்தால் அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். அந்த ஈ வீட்டுச் சாப்பாட்டில் வந்து உட்காராது, நோயும் பரப்பாது. புழு உங்கள் கழிவைத் தின்றுதான் வளர்கிறது. பார்க்க அருவருப்பாக இருந்தால் சருகைத் தடிமனாகப் போட்டு மூடுங்கள், ஈரம் குறைந்ததும் எண்ணிக்கை குறையும். மருந்து மட்டும் அடிக்காதீர்கள்.

சோனாங்குப்பம்: வீட்டில் தினம் மீன் கழிவுதான் அதிகம். வாளியில் போடலாமா?

பழகும்வரை வாளியில் போடாதீர்கள். பூனையும் எலியும் தேடி வரும். உங்கள் பக்கத்தில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற சத்து வேறு இல்லை, அதை வாய்க்காலில் எறிகிறோமே என்றுதான் எனக்கு ஆற்றாமை. மீன் அமிலம் போடுங்கள். தலை, குடல், செதில் எல்லாம் ஒரு கிலோ, பொடித்த வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ. எடைக்கு எடை. வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கலந்து, கால் பங்கு காலியாக விட்டு மூடி நிழலில் வையுங்கள். வாயு சேரும், அதனால் முதல் வாரம் தினமும் ஒரு தடவை மூடியைத் தளர்த்தி மூடுங்கள். கண்ணாடி பாட்டில் கூடாது, வெடிக்கும். 21 நாளில் மேலே தேன் நிறத்தில் திரவம் நிற்கும், கனிந்த பழ வாசனை வரும். மீன் நாற்றமே இருந்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து சாயங்காலம் செடிக்குத் தெளியுங்கள். கத்தரிக்கும் கீரைக்கும் இலையின் பச்சை ஒரே வாரத்தில் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

செம்மண்டலம்: சோலார் போட எவ்வளவு செலவாகும்? மானியம் உண்டா?

என் துறை இல்லை. மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

புதுச்சேரி, லாஸ்பேட்டை: அக்கா, கம்போஸ்டில் புழு வந்தால் என்ன செய்வது?

வண்டிப்பாளையத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பண்ருட்டி: பலாப்பழ சீசனில் தோலும் சடையும் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. ரோட்டோரம்தான் போடுகிறோம்.

முழுத் தோலாகப் போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும், ஈ மொய்க்கும். அரிவாளால் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். பலாவில் சர்க்கரையும் தண்ணீரும் மிகுதி, அதனால் வழக்கத்தைவிடச் சருகு கூடுதலாக வேண்டும். முந்திரிச் சருகுக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. இவ்வளவு அளவுக்கு வாளி போதாது, இடுப்பளவு குவியலாகப் போட்டு வாரம் ஒருமுறை புரட்டுங்கள். நடுவில் கை வைக்க முடியாத சூடு வரும், வரத்தான் வேண்டும். ஆடு மாடு வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் முதல் பங்கு அவருக்கு. தோலைப் பசு விரும்பித் தின்னும்.

திருப்பாதிரிப்புலியூர்: நாம் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்? பிறகு எதற்கு?

இந்தக் கோபம் நியாயம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே வீட்டில் பிரிப்பதைக் கட்டாயமாக்கிவிட்டன, வாங்குகிற இடத்திலும் பிரித்தே வாங்க வேண்டும். கலந்து கொட்டினால் எழுதிக் கொடுங்கள், தெருவாகச் சேர்ந்து கொடுங்கள். ஆனால் நீங்கள் பிரிப்பது வண்டிக்காக மட்டும் இல்லை. ஈரக் கழிவு உங்கள் வாளியிலேயே முடிந்துவிட்டால் மிச்சம் காய்ந்த பொருள்தான், அதை வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். குழம்பு ஒட்டாத பிளாஸ்டிக்குக்குப் பழைய இரும்புக் கடையில் காசு உண்டு. தூய்மைப் பணியாளர் வெறும் கையால் நம் எச்சிலைக் கிளற வேண்டியதில்லை என்பது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது.

இன்னொன்று, பால் பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். பாக்கெட்டை மறுசுழற்சிக்கு எடுப்பார்கள், அந்த நகக்கண் அளவுத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள். மழைத்தண்ணீரோடு கெடிலம் ஆற்றுக்குப் போய்க் கடலில் சேரும். பாதி வெட்டி, துண்டு பாக்கெட்டோடு தொங்கும்படி விடுங்கள்.

புதுப்பாளையம்: கொசுவுக்காகச் சாயங்காலம் சருகு கொஞ்சம் கொளுத்துகிறோம், அதில் தப்பா?

தப்பு. சருகுக்குள் ஒரு கவர், ஒரு ஷாம்பு பாக்கெட் கண்டிப்பாக இருக்கும். தாழ்ந்த சூட்டில் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்ஸின் போன்ற நஞ்சுகள் உண்டாகின்றன. வெறும் சருகுப் புகையின் நுண்துகளே குழந்தைகளின் நுரையீரலுக்குள் ஆழமாகப் போகிறது. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுக்கத் தடை செய்து 5,000 ரூபாய் அபராதம் சொன்னது. கொசுவுக்குத் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். கொளுத்தாதீர்கள்.

தாழங்குடா: சகோதரி, எங்களுக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது. சவுக்குச் சருகு உரத்துக்கு ஆகுமா?

ஆகும், ஆனால் மெதுவாக. அந்த ஊசிச் சருகு மக்க வேப்பஞ்சருகைவிட ரொம்ப நாள் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் மற்றச் சருகோடு கலந்து சாணக் கரைசலில் நனைத்துப் போடுங்கள். வயலில் சவுக்கு நல்ல பயிர்தான், வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது. கடற்கரை மணலில் நடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

தேவனாம்பட்டினம்: அக்கா, இதை ஒத்துக்க முடியாது. நாங்கள் பசங்களாகச் சேர்ந்து கடற்கரையில் கன்று நடுகிறோம். 2004 சுனாமியில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் தப்பித்தார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார்.

தம்பி, உங்கள் அப்பா சொல்வதை நான் மறுக்கவில்லை. 2005-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு நம் கடலூர் மாவட்டக் கரையில்தான் நடந்தது. அலையாத்தியும் சவுக்கும் இருந்த இடத்துக்குப் பின்னால் சேதம் குறைவு என்று அதுவும் சொன்னது. அதே ஆண்டு பரங்கிப்பேட்டைக் கரை ஊர்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அதன் எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டவர்கள், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதே பெரிய காரணம் என்றார்கள். உயரம் என்றால் மணல்மேடும்தான். அந்த மேட்டைக் கட்டிப் பிடித்திருப்பது அடப்பங்கொடியும் ராவணன் மீசை என்ற புல்லும். கன்று நட அந்தக் கொடியைப் பிடுங்கினால் மேடு கரைகிறது.

தாழங்குடா: தானே புயலில் எங்கள் தோப்பு படுத்துவிட்டது உண்மை. ஆனால் தோப்பு இல்லாவிட்டால் மணல் முழுக்க வீட்டுக்குள் வந்திருக்கும். கொடியை நம்பி உட்கார முடியாது.

தோப்பு இருக்கட்டும், ஊரை ஒட்டி, மேட்டுக்குப் பின்னால். அங்கே அது காற்றைத் தடுக்கிறது. நான் சொல்வது அலைக்கும் மேட்டுக்கும் இடைப்பட்ட மணலை.

முதுநகர்: நான் தை, மாசியில், முட்டையிட வரும் கடலாமைகளைத் தேடிக் கரையோரம் ஆமை நடை போகிறவன். அக்கா சொல்வது சரி. சவுக்கு வேர் ஓடிய மணலில் பங்குனி ஆமை குழி தோண்ட முடியாமல் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், 45 முதல் 60 நாளில் பொரிக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. நிழல் விழுந்தால் அந்தக் கணக்கே மாறும்.

தேவனாம்பட்டினம்: அப்போ எங்களை என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? மரம் நடுவதும் தப்பா?

தப்பே இல்லை, தம்பி. நடுகிற கை எனக்கு எப்போதும் பிரியமானது. ஒரு நாள் சாயங்காலம் கன்று இல்லாமல் வெறும் கையோடு கரைக்குப் போங்கள். அடப்பங்கொடியின் இலை ஆட்டுக் குளம்பு போலப் பிளந்து, ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். ஒரு கொடியைத் தூக்காமல் பக்கத்து மணலை விரலால் விலக்குங்கள், கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருப்பது தெரியும். காற்றில் ராவணன் மீசையின் முள்பந்து உருண்டு போய் ஓரிடத்தில் தட்டி நிற்கும், அங்கே மணல் சேரும், விதை முளைக்கும். மேடு அப்படித்தான் உண்டாகிறது. அது நடக்கிற இடத்தில் வண்டி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குப்பையைப் பொறுக்குங்கள். கன்றுகளை ஊருக்குள், பள்ளிக்கூடத்தில், குளக்கரையில் நடுங்கள். பூவரசும் புன்னையும் உப்புக் காற்றைத் தாங்கும்.

இதைப் பற்றி இன்னும் பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இங்கே பதில் எழுதினால் விடிந்துவிடும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

குறிஞ்சிப்பாடி: வாளியில் நாற்றம் வருகிறது.

சருகு குறைவு.

நெல்லிக்குப்பம்: வாளியில் புளித்த நாற்றம், காரணம் என்ன?

சருகு குறைவு. கிளறுங்கள். தயவுசெய்து முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள், எல்லாம் அதில் இருக்கிறது.

கம்மியம்பேட்டை: சிப்காட் ஆலைகளை வைத்துக்கொண்டு நாம் காய்கறித் தோலைப் பிரித்து என்ன ஆகப் போகிறது?

ஆலைக் கழிவைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுங்கள், விடாமல் கொடுங்கள், நான் கூட வருகிறேன். அதற்காக நம் வாய்க்காலில் நாமே கவரைப் போடலாம் என்றாகாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு தென்பெண்ணை ஊருக்குள் வந்து வடிந்ததே, எங்கள் தெரு முனை வடிகாலில் என் கையால் வாரிப் போட்டது கவரும் கேக் டப்பாவும் நாப்கினும். எல்லாம் வீடுகளிலிருந்து வந்தவை.

பாதிரிக்குப்பம்: 1,000 சதுர அடி மொட்டைமாடியில் எவ்வளவு மழைத்தண்ணீர் பிடிக்கலாம்?

1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 10 சென்டிமீட்டர் மழைக்கு 9,300 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு ஒரே நாளில் அவ்வளவு பெய்வதுண்டு. முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைக் கிணற்றுக்கோ போர் பக்கத்துக் குழிக்கோ திருப்புங்கள். கடல் பக்கத்தில் இருக்கிற நமக்கு நிலத்தில் இறங்குகிற நல்ல தண்ணீர்தான் உப்பு ஏறாமல் தள்ளிப் பிடிக்கிறது.

மஞ்சக்குப்பம், மாடி வீடு: அக்கா, வாளி வாங்கிவிட்டேன். ஆணியை அடுப்பில் காய்ச்சித் துளை போடுகிறேன், நெடியாகப் புகை வருகிறது. பரவாயில்லையா?

உடனே நிறுத்துங்கள். அதுவும் பிளாஸ்டிக் எரிகிற புகைதான், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தச்சு வேலை செய்பவரிடம் வாளியைக் கொண்டுபோங்கள், டிரில்லில் ஐந்து நிமிட வேலை. அரை சென்டிமீட்டர் துளை போடச் சொல்லுங்கள். வரும்போது அவர் பட்டறையில் மரத்தூள் இருந்தால் ஒரு பை கேட்டு வாங்கி வாருங்கள். பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். வெறும் மரத்தூள் என்றால் சருகோடு கலந்து போடலாம்.