அலாஸ்கா பயணம்: 'பசுமைக் கப்பல்' விளம்பரத்தை நம்பலாமா?

வணக்கம். அம்மா அப்பாவை அலாஸ்காவுக்குச் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போக இருக்கிறீர்கள். 'எல்என்ஜி எரிபொருள், திமிங்கிலப் பாதுகாப்பு' என்ற விளம்பரத்தை நம்பாதே என்று மகள் சொல்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மகள் சொல்வதில் பாதி சரி.

எல்என்ஜியில் (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) கந்தகப் புகை கிட்டத்தட்ட இல்லை, அது உண்மை. ஆனால் எஞ்சினில் எரியாமல் நழுவும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். அதை யார் விளம்பரத்தில் போடுவார்கள்? மற்றக் கப்பல்கள் பலவற்றில் 'ஸ்க்ரப்பர்' இருக்கும். புகையைக் கடல்நீரால் கழுவி, அழுக்குநீரைப் பெரும்பாலும் கடலிலேயே விட்டுவிடுவார்கள்.

திமிங்கிலத்துக்கு முக்கியம் கப்பலின் வேகம்தான். 2001இல் அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காப் பகுதியில் கருவுற்ற கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று சொகுசுக் கப்பல் மோதி இறந்தது. அதன் எலும்புக்கூடு பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் இருக்கிறது (பெரிய கப்பல்கள் அங்கே நிற்பதில்லை, அதுதான் வருத்தம்). அந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 2 பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. திமிங்கிலங்கள் கூடும் இடங்களில் 13 நாட் (மணிக்குச் சுமார் 24 கி.மீ.) வேகக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் கிளேசியர் பே உள்ள பயணத்தையே பாருங்கள்.

அப்புறம், பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவின் துறைமுகத்தில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துக் கரை மின்சாரம் எடுப்பார்களா? அங்கே 2001 முதலே அந்த வசதி உண்டு, எல்லாக் கப்பலும் பயன்படுத்துவதில்லை. ஸ்க்ரப்பர் கழிவுநீர் எங்கே போகிறது? மழுப்பினால் வேறு கப்பல் பாருங்கள்.